பற்சக்கரமும் சுங்க அட்டவணையும்

மும்பையின் நாக்தேவித் தெருவில் ஒரு முறையேனும் நடந்தவர்கள் அந்தக் காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். இருபுறமும் கடைகள், கடைதோறும் பேரிங்குகள், பெல்ட்டுகள், சங்கிலிகள், கப்பிகள், எங்கும் கிரீஸ் மணம். டில்லிவாசிகளுக்குக் காஷ்மீரி கேட் சந்தையும், கொல்கத்தாவில் வாழ்வோருக்கு மல்லிக் பஜாரும் இவ்வாறே பழக்கமானவை. பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு வந்த நம்மவருள் சிறு பட்டறை வைத்திருப்போரும், ஆலைகளில் பிட்டர்களாகவும் போர்மன்களாகவும் பணியாற்றுவோரும், இறக்குமதி அலுவலகங்களில் கணக்கெழுதுவோரும் பலர். அவர்கள் அன்றாடம் கையாளும் பெட்டிகளின் மேலும், விற்பனைப் பட்டியல்களின் ஓரத்திலும் 8482, 8483, 8708 என்பன போன்ற எண்கள் இடம் பெற்றிருப்பதைக் கண்டிருப்பர். இவ்வெண்கள் கடைக்காரர் தம் வசதிக்கு இட்டவையல்ல. நூறாண்டுகளுக்கு மேலாகப் பல தேசத்துப் பிரதிநிதிகள் கூடிக் கூடி விவாதித்ததன் பயனாய் எழுந்தவை. அந்த வரலாற்றைச் சிறிது கூறுவதே நம் நோக்கம்.

ஆற்றலை உண்டாக்குவது ஒரு யந்திரம். வேலையைச் செய்வது மற்றொரு யந்திரம். இரண்டிற்கும் இடையே அந்த ஆற்றலைக் கொண்டு சேர்ப்பதற்குத் தண்டும் கப்பியும் பெல்ட்டும் பற்சக்கரமும் கிளட்சும் வேண்டியிருக்கின்றன. காவஸ்ஜி தாவர் என்பார் 1854இல் தொடங்கிய கம்பெனியின் நூற்பாலை, மும்பையில் 1856இல் ஓடத் தொடங்கியது. அக்காலத்து ஆலைகளில் ஒரே நீராவி யந்திரம் தனி அறையில் சுழலும். அதன் சுழற்சி நீண்ட தண்டுகளின் வழியே ஆலை முழுவதும் பரவும். தண்டில் கப்பிகள் வரிசையாய் அமைந்திருக்கும். கப்பி ஒவ்வொன்றிலிருந்தும் தோல் பெல்ட் ஒன்று இறங்கிக் கீழேயுள்ள யந்திரத்தைச் சுழற்றும். மின்சார மோட்டார் வந்து யந்திரத்துக்கு ஒன்றாய்ப் பொருத்தப்பட்ட பிறகே அந்தத் தண்டுக் காடு மறைந்தது. ஆயினும் தண்டும் சக்கரமும் மறையவில்லை. அவை யந்திரங்களின் வயிற்றுக்குள் புகுந்துகொண்டன.

சுங்க அதிகாரிக்கு இத்தகைய உறுப்புகள் தொடக்கமுதலே பெருந்தொல்லை கொடுத்து வந்திருக்கின்றன. ஒரு மூட்டை மிளகு வந்தால் அது மிளகு, ஐயமில்லை. ஓர் இரும்புப் பற்சக்கரம் வந்திறங்கினால் அதை என்னவென்று எழுதுவது? இரும்பினால் ஆகியது என்பதால் இரும்புச் சாமான் எனலாம். நெசவு யந்திரத்துக்கென்று வந்தால் நெசவு யந்திரத்தின் உறுப்பு எனலாம். இரண்டும் வேண்டாம், பற்சக்கரம் பற்சக்கரமே என்று தனிப்பெயரிட்டு அதற்கே ஒரு வரி விதிக்கலாம். மூன்று வழிக்கும் மூன்று வரி விகிதம் இருந்துவிட்டால், வணிகர் குறைந்ததைக் கேட்பார். அதிகாரி கூடியதைச் சொல்வார். உலகத்துச் சுங்க வழக்குகளில் ஒரு பெரும்பகுதி இந்த மூன்று வழிச் சந்தியில் பிறந்தது என்றால் மிகையாகாது. இதிலே ஒவ்வொரு தேசமும் தன் விருப்பம்போல் ஒரு வழியைப் பிடித்துக்கொண்டால், ஒரு நாட்டின் வணிகக் கணக்கை மற்றொரு நாட்டின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கவே இயலாது போய்விடும்.

முதலில் விழித்துக்கொண்டவர்கள் புள்ளிவிவர அறிஞர்களே. 1853இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் அவர்களுடைய முதல் சர்வதேச மாநாடு கூடியது. அறுபதாண்டுகள் கழிந்து, 1913 டிசம்பர் 31ஆம் நாள், அதே நகரில் 29 தேசங்கள் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. உயிருள்ள பிராணிகள், உணவும் பானமும், மூலப்பொருள்கள், செய்பொருள்கள், பொன்னும் வெள்ளியும் என ஐந்து தொகுதிகள். எல்லாவற்றிலுமாக 186 உருப்படிகள். உலகத்து வாணிபம் அனைத்தும் 186 பெயர்களில் அடங்கிவிடும் என்று நம்பிய காலம் அது! மறு ஆண்டிலேயே முதல் உலகப்போர் மூண்டது. கையொப்பமிட்டவருட் பலர் எதிரெதிர்ப் பாசறைகளில் நின்றனர்.

போர் ஓய்ந்தபின் தேசங்களின் சங்கம் இப்பணியை ஏற்றது. 1927இல் ஜினீவாவில் நடந்த உலகப் பொருளாதார மாநாடு, எல்லா நாட்டுச் சுங்க அட்டவணைகளுக்கும் பொதுவானதொரு சட்டகம் வேண்டும் என்று கூறியது. வல்லுநர் குழு அமர்ந்து 1931இல் ஒரு வரைவை அளித்தது. 1937இல் அது திருத்தம் பெற்றது. 21 பிரிவுகள், 86 அத்தியாயங்கள், 991 தலைப்புகள். ஜினீவா அட்டவணை என்று பெயர் பெற்ற இதனை, இன்றைய அட்டவணையின் பாட்டனார் என்றே சொல்லலாம். மூலப்பொருளில் தொடங்கிப் படிப்படியாய்ச் செய்பொருளுக்கு ஏறிச் செல்லும் முறை இதில் நன்கு வேரூன்றியது.

நம் நாட்டில் 1934ஆம் ஆண்டின் இந்தியச் சுங்கவரிச் சட்டம் இந்தப் புதிய போக்கைத் தழுவி எழுந்தது. அதன் அட்டவணையில் 72ஆம் உருப்படி யந்திரங்களுக்கு உரியது. யந்திர உறுப்புகளைப் பற்றி அது வகுத்த இலக்கணம் நாம் படித்து இரசித்த வாசகங்களுள் ஒன்று. ஓர் உறுப்பு அந்த யந்திரத்தின் இயக்கத்துக்கு இன்றியமையாததாய் இருக்கவேண்டும். அதுமட்டும் போதாது, வேறெந்தப் பயனுக்கும் தேவைப்படாத ஒரு தனி உருவமோ தனித் தன்மையோ அதற்கென்றே கொடுக்கப்பட்டிருக்கவேண்டும் என்பது அதன் கருத்து. எழுத்தில் அழகாகத்தான் இருக்கிறது. துறைமுகத்தில் அல்லவா சங்கடம்! சாதாரணக் கப்பி ஒன்று எந்த யந்திரத்துக்கும் பொருந்துமே. அதன் தனி உருவம் யாது என்று கேட்டால் வணிகர் என்ன விடை கூறுவார்? இந்த வலைகளில் எல்லாம் சிக்காமல் நழுவியது, இறுதியில் 87ஆம் உருப்படியில் போய் விழும். வேறெங்கும் சொல்லப்படாத மற்றெல்லாப் பொருள்களும் என்பது அதன் பெயர். கணக்கெழுதுவோர் அஞ்சிய எண் அது.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் காட்சி மீண்டும் பிரஸ்ஸல்ஸுக்கு மாறுகிறது. ஐரோப்பிய அரசுகள் சில 1947இல் சுங்க ஒன்றியத்துக்கான ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தன. ஒன்றியம் அப்போது கைகூடவில்லை. ஆனால் அதன் பொருட்டுச் செய்த உழைப்பு வீண்போகவில்லை. 1950 டிசம்பர் 15ஆம் நாள் சுங்க அட்டவணைக்கான உடன்படிக்கை கையெழுத்தாகி, திருத்தங்களோடு 1959 செப்டம்பர் 11 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரஸ்ஸல்ஸ் அட்டவணை என்று உலகம் அறிந்தது இதையே. தலைப்பு ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கம். முதல் இரண்டும் அத்தியாயத்தின் எண், அடுத்த இரண்டும் அதனுள் வரிசை எண். யந்திரங்களுக்கு 84ஆம் அத்தியாயம். அதில் பந்துத் தாங்கிகளும் உருளைத் தாங்கிகளும் 84.62 ஆயின. ஆற்றல் கடத்தும் உறுப்புகள் அனைத்தும் திரண்டு 84.63 என்ற ஒரே கூரையின்கீழ் வந்தன. தண்டு, வணரி, தாங்கியின் உறை, பற்சக்கரம், வேகம் மாற்றும் பெட்டி, கனசக்கரம், கப்பி, கிளட்ச், தண்டிணைப்பு என அந்தத் தலைப்பு நீண்டு கிடக்கிறது.

அதைவிட முக்கியமானது, அந்தப் பிரிவின் முகப்பில் எழுதி வைத்த குறிப்பு. ஒரு யந்திரத்தின் உறுப்பே ஆயினும், அவ்வுறுப்புக்கு 84 அல்லது 85ஆம் அத்தியாயத்தில் தனித் தலைப்பு இருந்தால் அது அங்கேதான் போகவேண்டும். எந்த யந்திரத்துக்கு உரியது என்று கேட்கலாகாது என்பது அதன் சாரம். நெசவு யந்திரத்துப் பற்சக்கரமும் அச்சு யந்திரத்துப் பற்சக்கரமும் இதனால் ஓரிடத்தில் சேர்ந்தன. மூன்று வழிகளுள் தனிப்பெயர் வழி இவ்வாறு வென்றது. அதிகாரியின் ஊகத்துக்கும் வணிகரின் சாதுரியத்துக்கும் இடம் குறைந்ததால், இது நல்ல தீர்ப்பே என்பது நம் எண்ணம்.

இங்கே மொழிபெயர்ப்பாளராகிய நமக்குச் சிறிது விலகிப் பேச உரிமை தரவேண்டுகிறோம். இந்த அட்டவணையின் இன்றைய வடிவத்துக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் சரிநிகரான மூலங்கள். பிரெஞ்சு மூலத்தில் தண்டுக்கு வழங்கும் சொல் ஆர்ப்ர். அதன் நேர்ப்பொருள் மரம். அச்செடுத்த தண்டைத் தாங்கும் புஷ்ஷுக்குச் சொல் கூஸினே. சிறு தலையணை என்று பொருள். என்ஜினின் வணரித் தண்டுக்கு அவர்கள் இட்ட பெயரே தச்சன் கையால் சுழற்றித் துளையிடும் கருவிக்கும் பெயர். மரத்தையும் தலையணையையும் துளைக் கருவியையும் கண்டு அஞ்சாமல், ஒவ்வொன்றும் எந்த இரும்பைக் குறிக்கிறது என்று உணர்ந்தால்தான் தலைப்பு விளங்கும்.

தமிழிலும் தொல்லை குறைவில்லை. அச்சு வேறு, தண்டு வேறு. வண்டியின் அச்சு பாரத்தைச் சுமப்பது. ஆலையின் தண்டு சுழற்சியைக் கடத்துவது. நாம் பணிக்கு வந்த புதிதில் இரண்டையும் அச்சு என்றே எழுதினோம். அதைவிடப் பெரும் பிழை ஒன்றும் உண்டு. தாங்கியைச் சூழ்ந்திருக்கும் வார்ப்பிரும்பு உறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அகராதியை மட்டும் நம்பித் தாங்கி வீடு என்று ஆக்கிவிட்டோம். காஷ்மீரி கேட்டில் கடை வைத்திருக்கும் நம் நண்பர், திருநெல்வேலிக்காரர், அந்தத் தாளைப் படித்துவிட்டு, “அண்ணாச்சி, வாடகை எவ்வளவு?” என்று கேட்டார். அவர் வாயில் அது பேரிங் பிளாக். பிறகுதான் உறை என்று திருத்தினோம். பட்டறையில் நின்று கேளாமல் பதவுரை எழுதக்கூடாது என்பதை அவரிடமே கற்றோம்.

பொருளுக்கு வருவோம். தனிப்பெயர் வழி எங்கும் செல்லவில்லை. பெல்ட்டைப் பாருங்கள். கப்பியும் பெல்ட்டும் கணவன் மனைவி போல. ஒன்றில்லாமல் ஒன்றுக்கு வேலையில்லை. அட்டவணையோ இரண்டையும் பிரித்துவிட்டது. கப்பி 84ஆம் அத்தியாயத்தில் இருக்க, இரப்பர் பெல்ட் 40.10 என்ற தலைப்பில் இரப்பரோடு போயிற்று. நூல் பெல்ட் துணிகளின் அத்தியாயமாகிய 59க்குச் சென்றது. தோல் பெல்ட் 42ஆம் அத்தியாயத்தில் தோற்பொருள்களோடு நின்றது. சங்கிலியும் அவ்வாறே. பல்லுள்ள சக்கரம் 84இல், அதன்மேல் ஓடும் எஃகுச் சங்கிலி 73இல். 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணோட்டம் வேறு. கடத்தும் சங்கிலிகளையும் பெரும்பாலான பெல்ட்டுகளையும் அது யந்திரத்தோடு சேர்த்தே எண்ணியது. பருத்தி, மயிர், கான்வாஸ் பெல்ட்டுகளை மட்டுமே விலக்கியது. வேலை செய்பவனின் கண்ணுக்குப் பழைய முறையே இயற்கையாகத் தோன்றும். ஆனால் பெல்ட் பெரும்பாலும் சுருளாக வந்து, கடையில் நீளத்துக்கு நறுக்கி விற்கப்படும் சரக்கு. எந்தக் கப்பியை அது தழுவப் போகிறது என்பது கப்பலில் வரும்போது யாருக்கும் தெரியாது. ஆகையால் பிரஸ்ஸல்ஸ் அறிஞர் செய்ததில் நியாயமில்லை என்று சொல்லிவிட முடியாது.

பந்துத் தாங்கியின் கதை இன்னும் சுவையானது. சுவீடன் நாட்டுக் கோதன்பர்க் நகரில் ஸ்வென் விங்க்விஸ்ட் என்ற பொறியாளர், ஒரு நெசவாலையில் பணியாற்றி வந்தார். தண்டு சிறிது கோணினாலும் தாங்கிகள் தேய்ந்து ஆலை நிற்பதைக் கண்டு, தானே நேர்ப்படுத்திக்கொள்ளும் பந்துத் தாங்கியை 1907இல் படைத்தார். அதிலிருந்து பெருந்தொழில் ஒன்று வளர்ந்தது. மோட்டார் வண்டி, மின்சார மோட்டார், விமானம் எதுவும் பந்துத் தாங்கியின்றி ஓடாது. உராய்வு குறைந்த இந்தத் தாங்கிக்குத் தனித் தலைப்பு. சாதாரணப் புஷ் தாங்கி தண்டுகளோடு தங்கிவிட்டது. நேயர்களுட் பலர் கையில் உருட்டிப் பார்த்திருக்கும் அந்தச் சிறு எஃகுக் குண்டுக்கும் அட்டவணையில் ஓர் அளவுகோல் உண்டு. மெருகிட்ட எஃகுக் குண்டின் மிகப்பெரிய விட்டமும் மிகச்சிறிய விட்டமும் குறித்த அளவிலிருந்து நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேலோ, 0.05 மில்லிமீட்டருக்கு மேலோ வேறுபடலாகாது. இரண்டில் எது குறைவோ அதுவே எல்லை. நான்கு மில்லிமீட்டர் குண்டுக்கு 0.04 மில்லிமீட்டர் வரை மன்னிப்பு; பத்து மில்லிமீட்டர் குண்டுக்கு 0.05 மட்டுமே. இந்தச் சோதனையில் தேறியது தாங்கிகளின் தலைப்பில் சேரும். தேறாதது வெறும் எஃகுச் சாமான் என்று 73.26க்குத் தள்ளப்படும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. தலைமுடியின் கனத்தில் சாதி பிரிகிறது.

மோட்டார் வண்டி பெருகியபோது புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. வண்டிகளுக்கென்று 87ஆம் அத்தியாயம் உண்டு. வண்டியின் உறுப்புகளுக்கும் அங்கே இடமுண்டு. அப்படியானால் காரின் கியர் பெட்டி, பற்சக்கரங்களின் தலைப்பிலா, வண்டி உறுப்புகளின் தலைப்பிலா? வண்டிப் பிரிவின் குறிப்பு விடை கூறுகிறது. பந்துத் தாங்கி எங்கே பொருந்தினும் தாங்கியே. ஆனால் தண்டும் பற்சக்கரமும் கிளட்சும் என்ஜினின் உள்ளுறுப்பாய் அமைந்தால் மட்டுமே தம் பழைய தலைப்பில் இருக்கலாம். என்ஜினுக்கு வெளியே வண்டியைச் செலுத்தும் பொருட்டு அமைந்தால் அவை வண்டியின் உறுப்பு. ஆகவே ஒரே காரின் வணரித் தண்டு 84இலும், அதற்கடுத்து ஒரு முழ தூரத்தில் இருக்கும் கிளட்சும் கியர் பெட்டியும் 87இலும் வந்தன. சைக்கிளின் பின்சக்கரப் பல்லும் இவ்வாறே சைக்கிள் உறுப்பாயிற்று. லேத்துக்கு வந்த கிளட்ச், காருக்கு வந்த கிளட்ச் என்ற பேதம், தனிப்பெயர் வழியால் ஒழிந்ததாக எண்ணிய பேதம், பின்வாசல் வழியே மீண்டும் நுழைந்துவிட்டது.

மற்றவற்றை விரைந்து கூறிவிடலாம். பிரஸ்ஸல்ஸ் அட்டவணையை எல்லோரும் ஏற்கவில்லை. அமெரிக்கா தன் சொந்த அட்டவணையோடு நின்றது. கணக்கீட்டு யந்திரங்களும் கப்பற் கம்பெனிகளும் புள்ளிவிவர அலுவலகங்களும் ஒரே எண்ணைப் பயன்படுத்தக்கூடிய முறை வேண்டும் என்று கருதி, 1983 ஜூன் 14ஆம் நாள் ஒத்திசைந்த முறை என்ற புதிய உடன்படிக்கை எழுந்தது. 1988 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. அமெரிக்காவும் மறு ஆண்டு சேர்ந்துகொண்டது. நான்கு இலக்கம் ஆறாயிற்று, 84.62, 84.82 ஆயிற்று, 84.63, 84.83 ஆயிற்று. ஆறாம் இலக்கத்தில் நுட்பம் கூடியது. இணைந்த பற்சக்கரத் தொகுதிக்கு ஓர் எண். ஒற்றைச் சக்கரம் தனித்து வந்தால் வேறோர் எண். பழைய தலைப்பில் இடம்பெறாத பந்துத் திருகும் இங்கே சேர்ந்துகொண்டது.

இந்தியா 1971இல் சுங்க ஒத்துழைப்புக் கவுன்சிலில் உறுப்பினராயிற்று. 1934ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1975ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டம், பிரஸ்ஸல்ஸ் அட்டவணையின் அடிப்படையில், 1976 ஆகஸ்டு 2ஆம் நாள் அமலுக்கு வந்தது. 72ஆம் உருப்படியும் 87ஆம் உருப்படியும் அன்றோடு வரலாறாயின. ஒத்திசைந்த முறைக்கு நாம் மாறியது 1986 பிப்ரவரி 28ஆம் நாள். உலகம் மாறுவதற்கு ஏறத்தாழ ஈராண்டுகள் முன்னதாகவே. 2003இல் நம் அட்டவணை எட்டு இலக்கமாயிற்று.

இவையெல்லாம் துறைமுகத்து விவகாரம் என்று பட்டறைக்காரர்கள் நெடுங்காலம் ஒதுங்கியிருந்தனர். 2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு சேவை வரி பிறந்தது. அதே எண்கள் உள்நாட்டுப் பட்டியலுக்கும் வந்து சேர்ந்தன. 84.83 தலைப்பின் சரக்குகளுக்கு அப்போது நூற்றுக்கு 28 வரி. 2018 டிசம்பரில் கூடிய கவுன்சில் அதனை 18 ஆகக் குறைத்தது. 2019 ஜனவரி 1 முதல் அது அமலாயிற்று. ஆனால் 87.08 என்ற மோட்டார் உறுப்புத் தலைப்புக்கு 28 நீடித்தது. பத்து ரூபாய் வேற்றுமை! நம் திருநெல்வேலி நண்பருக்கு அந்த ஆண்டுகளில் உறக்கம் கெட்டது. ஒரே இரும்பு, ஒரே பற்கள்; பம்பு செட்டுக்காரர் கேட்டால் ஒரு வரி, லாரிக்காரர் கேட்டால் வேறு வரியா என்று நம்மை வந்து கேட்பார். சக்கரம் எதற்கென்று செய்யப்பட்டது என்பதைத் தயாரித்தவரின் பட்டியலில் பாருங்கள் என்று மட்டுமே நம்மால் சொல்ல முடிந்தது.

2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று இந்தக் கலக்கத்தைப் பெருக்கியது. வழக்கு ரயில்வே சமிக்ஞைகளுக்கான ரிலேக்களைப் பற்றியது. மின்சாரச் சாதனம் என்ற பொதுப் பெயரைவிட, ரயில்வேக்கென்றே பயன்படுவது என்ற பயனே மேலானது என்று நீதிமன்றம் கண்டது. அதே வாதத்தை நீட்டினால் மோட்டாருக்குப் பயன்படும் எதுவும் 87க்குப் போகவேண்டியதுதானே? அவ்வாறு எல்லாவற்றுக்கும் கண்மூடிப் பொருத்தலாகாது, ஒவ்வொரு பொருளையும் அதற்குரிய குறிப்புகளோடு தனித்தனியே ஆராயவேண்டும் என்று 2022 ஜனவரியில் மத்திய வாரியம் தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது.

2025 செப்டம்பர் 22 முதல், எண் எதுவாயினும் மோட்டார் உறுப்புகள் அனைத்துக்கும் 18 என்ற ஒரே சரக்கு சேவை வரி வந்தது. உள்நாட்டு விற்பனையில் அந்தப் பழைய பிணக்கு தீர்ந்தது. கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்கவரி தனிக் கணக்கு. அங்கே வணரித் தண்டும் கியர் பெட்டியும் வெவ்வேறு அத்தியாயங்களில்தான் இருக்கின்றன. ஒத்திசைந்த முறையின் அடுத்த திருத்தப் பதிப்பு 2028 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. அந்த ஏடு நம் மேஜைக்கு வருமுன் தண்டையும் அச்சையும் ஒருமுறை சரிபார்த்து வைத்திருக்கிறோம். நண்பரின் கடைக்கும் ஒரு பிரதி கொண்டுபோய்க் காட்டினோம். கப்பிகள் இருக்கும் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “கிணத்து ராட்டினமும் இதுலதானா வருது?” என்று வியந்தார். ஆம், நீர் இறைக்கும் கப்பியும் 84.83இல்தான்.